கடை திறக்குமுன் ஒரு மங்கு தயிரும் பழமும்

 

சுகாதாரப் பாடம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தப் பாடத்தைச் செய்து முடிக்க ஆகும் நேரம், கடையின் இரும்புக் கதவைத் தூக்கி, விளக்கைப் போட்டு, கல்லாவைத் துடைக்கும் நேரந்தான். செலவும் தே கடைக் கணக்கைவிடக் கூடாது.

நம்மவர்களின் காலை எப்படிக் கழிகிறது என்பதை நாம் அறிவோம். சுபுஹு தொழுது முடித்ததும் சிலர் மொத்தச் சந்தைக்குச் சரக்கெடுக்க ஓடுகிறார்கள். சிலர் நேரே கடைக்கு வருகிறார்கள். நின்றபடியே ஒரு தே தாரிக் உள்ளே போகிறது. அதற்குப் பெயர் பசியாறல். பத்து மணி சுமாருக்குக் கூட்டம் சற்றுத் தணிந்ததும் வயிறு தன் பாக்கியை வட்டியோடு கேட்கிறது. அப்போது இரண்டு ரொட்டிச் சானாய், ஒரு மங்கு பருப்பாணம், மறுபடியும் ஒரு தே தாரிக். லுஹருக்கு முன்பே கண் சொக்குகிறது. அந்தச் சொக்கலைப் போக்க மூன்றாவது தே. கணக்குப் புத்தகத்தில் ஒரு காசு விடாமல் எழுதும் நாம் இந்தக் கணக்கை மட்டும் எழுதுவதில்லை.

நமக்கு வேண்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். நாற்பது ஆண்டுகள் ஒரே மளிகைக் கடையில் ஒரே நாற்காலி. தராசு முள் நடுவில் நிற்காமல் ஒரு பொட்டலத்தையும் கட்டமாட்டார். காலில் செருப்புக் கடித்த புண் ஒன்று ஆறாமல் கிடந்தது. ‘வியாபாரம் ஓயட்டும், பார்ப்போம்’ என்று நாளை ஓட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போன அன்றுதான் தமக்கு இனிப்பு நீர் இருப்பதே அவருக்குத் தெரிந்தது. இடது பாதத்தை எடுத்துவிட்டார்கள். பின்னர் அவரைக் காணப் போனபோது அவர் சொன்ன ஒரு வார்த்தை நம் மனத்தில் தைத்துவிட்டது. “எல்லாருக்கும் சீனி நிறுத்துக் கொடுத்தேன் தம்பி, என் சீனியை நிறுக்கவே இல்லை” என்றார்.

இது ஒருவர் கதை மட்டுமன்று. 2019ஆம் ஆண்டு மலேசியாவில் அரசாங்கம் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 100க்கு 18.3 பேருக்கு இனிப்பு நீர் இருப்பதாகத் தெரிய வந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அதுவரை அந்த விஷயமே தெரியாது. இந்திய வம்சாவளியினரைத் தனியே எடுத்துப் பார்த்தால் 100க்கு 31 பேருக்கு மேல் என்று வந்தது. 2023இல் மறுபடி எடுத்தபோது நாட்டின் மொத்தக் கணக்கு 15.6 ஆகக் குறைந்திருந்தது. மகிழ்ச்சிதான், ஆயினும் ஆறில் ஒருவர் என்பது சிறிய கணக்கன்று. சிங்கப்பூரிலும் சுகாதார அமைச்சு 2016இல் இந்த நோயின்மீது போர் தொடுப்பதாகவே அறிவித்தது. 2022 டிசம்பர் 30 முதல் அங்கே அடைத்து விற்கும் பானங்களுக்கும், ஓராண்டு கழித்துக் கடையில் கலக்கித் தரும் பானங்களுக்கும், சீனியின் அளவைக் கொண்டு ஏ, பி, சி, டி என்று தரம் இட்டிருக்கிறார்கள். நம் சாயாக் கடைக்காரர்கள் பலருக்கு இது நன்றாகவே தெரியும்.

அப்படியானால் ரொட்டிச் சானாய் விஷமா என்று கேட்கலாம். அப்படிச் சொல்ல மாட்டோம். ரொட்டி போட்டே பிள்ளைகளைப் படிக்க வைத்த அன்பர்கள் நம்மிடையே எத்தனையோ பேர் உண்டு. அவர்கள் நம்மைக் கோபிக்க வேண்டாம். ஆணம் இல்லாமல் ஒரு ரொட்டிச் சானாய் சுமார் 300 கலோரி. நாம் இங்கே சொல்லப்போகும் தயிர்ப்பழ மங்கும் சுமார் 250 முதல் 300 கலோரி வரை வரும். பட்டியலின் அடியில் தொகை கிட்டத்தட்ட ஒன்றுதான், மேலே உள்ள சரக்குதான் வேறு. ஒன்றில் மைதாவும் நெய்யும். மற்றொன்றில் பாலின் புரதமும், சுண்ணாம்புச் சத்தும், பழத்தின் நாரும். மைதாவும் சீனியும் இரத்தத்தில் விரைவாக ஏறி விரைவாக இறங்கும். நாரும் புரதமும் சேர்ந்தால் ஏற்றமும் மெல்ல, இறக்கமும் மெல்ல. பதினொரு மணிக்குக் கண் சொக்குவதும் சொக்காததும் பெரும்பாலும் இதைப் பொறுத்தே இருக்கிறது.

தயிரைக் காலையில் உண்பது நமக்குப் புதிதுமன்று. கடையநல்லூரிலும் தென்காசியிலும் நாகூரிலும் இராமநாதபுரத்துக் கடற்கரை ஊர்களிலும் நம் பாட்டனார்கள் பழஞ்சோற்றில் மோரை ஊற்றிக் குடித்துவிட்டே வேலைக்குப் போனார்கள். இந்த நாட்டுக்கு நம்மவர்கள் கொண்டுவந்த சொற்களில் தயிரும் ஒன்று. மலாய் மொழியில் ‘தைரு’ என்கிறார்களே, அது நம் தயிர்தான். கடை ‘கெடாய்’ ஆனதுபோலத் தயிர் ‘தைரு’ ஆயிற்று. கடையைக் காப்பாற்றிக் கொண்டோம். தயிரைப் பிரியாணிப் பச்சடியோடு நிறுத்திவிட்டோம்.

திருக்குர்ஆனின் பதினாறாவது அத்தியாயமாகிய சூரத்துந் நஹ்லை ஓதுகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். 66ஆம் வசனம் கால்நடைகள் தரும் பாலைப் பற்றிப் பேசுகிறது. அடுத்த வசனம் பேரீச்சை, திராட்சைக் கனிகளைப் பற்றி. அதற்கும் அடுத்து தேனீயும் தேனும். பால், பழம், தேன் என்று அடுத்தடுத்து மூன்று அருட்கொடைகள். இதைச் சமையல் குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் துணிவு நமக்கில்லை. சிந்திப்போருக்கு அத்தாட்சி உண்டென்று அங்கேயே அறிவிக்கப்பட்டிருப்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

இனித் தயிர் உறையூற்றும் முறையைப் பார்ப்போம். வீட்டில் பெண்மக்களுக்குத் தெரிந்த வேலைதானே என்று ஆண்கள் தாண்டிவிட வேண்டாம். கடைக்கு மேலே தனியாக அறையெடுத்துத் தங்கியிருப்போர் நம்மில் பலர். அவர்களுக்காகவே விரித்து எழுதுகிறோம்.

ஒரு லிட்டர் பசும்பாலைப் பொங்க விட்டு, தணலைக் குறைத்து மேலும் ஐந்து நிமிடம் வைத்திருங்கள். நன்றாகக் காய்ந்த பால்தான் கெட்டியாக உறையும். பிறகு ஆற விடுங்கள். சுத்தமான சுண்டு விரலை விட்டுப் பத்து வரை எண்ணும்போது சுடாமல் இதமாக இருந்தால் அதுவே பதம். வெப்பமானி வைத்திருப்போர் 43 முதல் 45 டிகிரி என்று பார்த்துக்கொள்ளலாம். இதைவிடச் சூடாக இருந்தால் உறையிலுள்ள நல்ல கிருமிகள் செத்துவிடும். ஆறிப்போனால் சோம்பிவிடும். அந்தப் பதத்தில் இரண்டு தேக்கரண்டி பழைய தயிரைக் கொஞ்சம் பாலில் கரைத்துச் சேர்த்து, மூடி, துணி போர்த்தி அசையாமல் வையுங்கள். நம் சீதோஷ்ணத்தில் ஐந்தாறு மணி நேரம் போதும். இஷாத் தொழுது வந்து உறையூற்றினால் சுபுஹுக்கு எழும்போது தயிர் தயார். அதற்குமேல் வெளியே விட்டால் புளித்துவிடும், உடனே குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். நான்கைந்து நாளைக்குத் தாங்கும். அடுத்த உறைக்கு இரண்டு கரண்டியை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுவது புத்திசாலித்தனம். வியாபாரி முதலைத் தின்னலாகாது.

பெட்டியில் அடைத்து வரும் பாலிலும் உறையூற்றலாம். அது முன்பே காய்ச்சியதாதலால் இளஞ்சூடாக்கினால் போதும், தயிர் சற்றுத் தளர்வாக வரும். டின்னில் வரும் இனிப்புக் கெட்டிப்பால் இதற்கு உதவாது. அதன் எடையில் ஏறக்குறைய பாதி சீனி. அன்றியும் நாம் கெட்டிப்பால் என்று வாங்கும் டின்கள் பலவற்றில் இன்று ‘கிரீமர்’ என்றே எழுதியிருக்கிறது. செம்பனை எண்ணெய் சேர்ந்த சரக்கு அது.

கெட்டித் தயிர் விரும்புவோர் அதை ஒரு மெல்லிய துணியில் கட்டி இரண்டு மூன்று மணி நேரம் குளிர்பெட்டிக்குள்ளேயே, அடியில் ஒரு பாத்திரம் வைத்து, வடிய விடலாம். ஜவுளிக்கடை அன்பர்களுக்கு மெல்லிய துணிக்கு என்ன பஞ்சம்! வடிந்த நீரைக் கொட்ட வேண்டாம். ஆணத்தில் ஊற்றலாம், மாவு பிசையலாம்.

உறையூற்ற இயலாதவர்கள் கடையில் வாங்குவார்கள். அங்கேதான் வியாபாரியின் கண் வேண்டும். முதலாவது, ஹலால் முத்திரை. சில தயிர்களைக் கெட்டிப்படுத்த ஜெலட்டின் சேர்க்கிறார்கள். அது பன்றியிலிருந்தும் எடுக்கப்படலாம், மாட்டிலிருந்தும் எடுக்கப்படலாம். மாடாக இருந்தாலும் அறுத்த முறை தெரிய வேண்டுமே. ஆதலால் மலேசியாவில் ஜாக்கிம் முத்திரையும் சிங்கப்பூரில் முயிஸ் முத்திரையும் உண்டா என்று பார்த்து எடுங்கள். இறக்குமதிச் சரக்கில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, சீனி. டப்பாவின் முகப்பில் பழத்தின் படம் இருக்கும், ‘கொழுப்புக் குறைந்தது’ என்றும் இருக்கும். முகப்பை விட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். சீனி சேர்க்காத தயிரில் 100 கிராமுக்கு சுமார் 5 கிராம் பாலின் இயற்கைச் சீனி இருக்கும். பழச்சுவை ஏற்றியதில் 12 கிராம் என்று இருந்தால் என்ன பொருள்? மீதி 7 கிராமும் பெரும்பாலும் தொழிற்சாலையில் போட்டது. ஒரு சிறு டப்பா 135 கிராம் என்றால் அதில் கூடுதல் சீனி மட்டும் சுமார் 9 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி. ஒரு நாளைக்கு இத்தகைய கூடுதல் சீனி 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறிய யோசனையை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இன்வாய்ஸை வரிவரியாகப் படிக்கும் நமக்கு இந்தச் சீட்டைப் படிப்பது பெரிய வேலையா?

பழத்தைப் பற்றி நாம் பட்ட ஒரு பாட்டைச் சொல்ல வேண்டும். முதன்முதலில் இதைத் தொடங்கியபோது, காலை நேரம் மிச்சமாகட்டும் என்று, பப்பாளியை நறுக்கித் தயிரில் கலந்து இரவே குளிர்பெட்டியில் வைத்தோம். காலையில் கடைக்கு எடுத்துப் போய் ஒரு கரண்டி வாயில் வைத்தால் வேப்பங்காய்க் கசப்பு! தயிரும் தண்ணீராகக் கிடந்தது. தயிர் கெட்டதென்று எண்ணி முழுவதையும் கொட்டிவிட்டோம். பிறகுதான் விளங்கியது. பப்பாளியில் புரதத்தைச் சிதைக்கும் ஒரு சத்து இருக்கிறது. இறைச்சி மெத்தென்று வேகப் பப்பாளிக்காய் போடுகிறோமே, அதே வேலையைத்தான் அது தயிரிலும் செய்திருக்கிறது. அன்னாசிக்கும் கீவிப்பழத்துக்கும் இதே குணம் உண்டு. இவற்றை உண்ணும் வேளையில் கலந்தால் ஒரு குறையும் இல்லை. இரவே கலந்து வைக்க விரும்புவோர் மாம்பழம் போட்டுக்கொள்ளலாம்.

இந்நாட்டில் ஆண்டு முழுவதும் கிடைப்பவை பப்பாளி, வாழை, கொய்யா, அன்னாசி. மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிலையமாகிய மார்டி 1987இல் வெளியிட்ட ‘எக்ஸோத்திகா’ பப்பாளி சிறியதாக இருக்கும், ஒருவருக்கு இரண்டு வேளைக்குச் சரி. வாழையில் பிசாங் மாஸ் ஒன்று போதும். பிசாங் பெராங்கான் பெரிதானால் பாதி. கொய்யாவை எளிதாக எண்ணிவிட வேண்டாம், அதில் ஆரஞ்சைப்போல் பல மடங்கு வைட்டமின் சி உண்டு, நாரும் மிகுதி. தோலோடு நறுக்குங்கள். தர்ப்பூசணி தண்ணீர் விடும், தயிரோடு அவ்வளவாகச் சேராது. டுரியானைப் பற்றி எவரும் நம்மிடம் கேட்க வேண்டாம்.

பழத்தைப் பழமாகவே போட வேண்டும், சாறாக்கலாகாது. சாற்றில் நாரில் பெரும்பகுதி போய்விடுகிறது, சீனி மட்டும் தங்குகிறது. ஒரு டம்ளருக்கு மூன்று ஆரஞ்சு பிழிகிறோம். உரித்துத் தின்றால் ஒருவேளையில் மூன்றைத் தின்போமா?

இனிச் சேர்ப்பது எளிது. ஒரு மங்கில் ஏழெட்டுக் கரண்டி, அதாவது சுமார் 150 கிராம் தயிர். அதன்மேல் ஒருவர் கைப்பிடி அளவு நறுக்கிய பப்பாளி, ஒரு பிசாங் மாஸ், ஐந்தாறு வாதுமைப் பருப்பு. பகல் வரை பசி தாங்க வேண்டுமென்றால் இரண்டு கரண்டி ஓட்ஸ். ஓட்ஸ் பிடிக்காதவர்கள் ஒரு சிறு பிடி அவலைக் கழுவிப் பிழிந்து சேர்க்கலாம், சிவப்பவல் மேலானது. ஒரு சிட்டிகை ஏலப்பொடி தூவினால் மணம் தூக்கும். இனிப்புத்தான் வேண்டுமென்போர் ஒரு பேரீச்சம்பழத்தைக் கீறிப் போடலாம். தேன் சிபாவுக்குரியது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இனிப்பு நீர் உள்ளவர் உடம்பில் தேனும் சீனியாகவே ஏறும். ஆகவே அவர்கள் கரண்டியைக் கவனிக்க வேண்டும்.

தயிரை ஒரு டப்பாவிலும் பழத்தை ஒரு டப்பாவிலும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு போனால் கடையிலேயே கலந்துகொள்ளலாம். குளிர்பெட்டி இல்லாத கடையானால் போனவுடன் சாப்பிட்டுவிட வேண்டும். இந்த வெயிலில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்கலாகாது. நோன்பு காலத்தில் ஸஹருக்கும் இது நல்ல ஆகாரம். ஸஹர் நேரத்தில் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. உப்பும் காரமும் இல்லாததால் பகலில் தாகமும் குறைகிறது.

தயிர் குளிர்ச்சி, காலையில் சளி கட்டும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு விழுங்கினால் தொண்டை கரகரப்பது உண்மைதான். அரை மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்து வையுங்கள். பால் குடித்தால் வயிறு இரையும் என்போர் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது. பாலின் சீனியில் ஒரு பங்கைக் கிருமிகள் முன்பே தின்றுவிடுகின்றன என்பதும், மீதி செரிக்க அவை உள்ளே போயும் உதவுகின்றன என்பதும் அதற்குக் காரணம்.

ஆயினும் எல்லாருக்கும் எல்லாம் ஒத்துவராது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இப்பகுதியை இருமுறை படியுங்கள். இனிப்பு நீருக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் பசியாறலை மாற்றுமுன் டாக்டரிடம் சொல்ல வேண்டும். உணவு குறைந்து மருந்து குறையாவிட்டால் மயக்கம் வரும். சிறுநீரகம் பழுதானவர்கள் பெலிம்பிங் பழத்தைத் தொடவே கூடாது. நட்சத்திரம்போல் நறுக்கி அழகுக்கு வைப்பார்கள், அவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. வாழைப்பழமும் எவ்வளவு தின்னலாம் என்று அவர்கள் கேட்டே தின்ன வேண்டும். ஈப்போ பக்கம் தம்பூனில் விளையும் பம்பளிமாஸ் அருமையான பழம்தான். ஆனால் கொழுப்பைக் குறைக்கத் தரும் சில மாத்திரைகளோடு அது சேர்ந்தால் மருந்தின் வேகம் அளவுக்குமேல் கூடிவிடும். மருந்துக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சில ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைத் தயிரோடு விழுங்கினால் அவை உடம்பில் சேராது. இரண்டுக்கும் இடையே எவ்வளவு நேரம் விட வேண்டுமென்று அங்கேயே சொல்வார்கள்.

தேயை அடியோடு விட்டுவிடச் சொல்கிறீர்களா என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். நாமே விடவில்லை. ‘தே ஓ கோசொங்’ என்று கேட்கப் பழகிக்கொண்டோம். சிங்கப்பூர் அன்பர்கள் பால் வேண்டுமென்றால் ‘தே சி கோசொங்’ என்று கேட்கலாம். முதல் வாரம் நாக்கு முறையிடும். மூன்றாம் வாரம் பழைய தே தித்திப்பால் திகட்டும்.

ஒரு விஷயம் பாக்கியிருக்கிறது. நம்மிடம் வேலை செய்யும் பிள்ளைகள் ஊரைவிட்டு வந்து கடை மாடியில் தங்கியிருக்கிறார்கள். முதலாளி எதைக் குடிக்கிறாரோ அதையே அவர்களும் குடிக்கிறார்கள். இருபத்தைந்து வயதில் தொடங்கும் மூன்று வேளைத் தே தாரிக் நாற்பது வயதில் கணக்குத் தீர்க்கும். இரண்டு லிட்டர் பாலில் உறையூற்றினால் பத்துப் பேருக்கு மேல் காலையில் தயிர் உண்டு. பழத்தை மொத்த விலையில் எடுக்க நமக்குத் தெரியாத இடமா? சாப்பாட்டுக் கடை வைத்திருப்போர் இதைத் தங்கள் பட்டியலிலும் சேர்த்துப் பார்க்கலாம். வெட்டிய பழம் ஏற்கனவே கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது, தயிர் சமையற்கட்டில் இருக்கிறது, இரண்டையும் ஒரு மங்கில் போடுவதுதான் பாக்கி.

இன்றிரவே தொடங்க நினைப்பவருக்கு உறைக்கு இரண்டு கரண்டி தயிர் வேண்டும். கடையில் வாங்குவதானால் உயிருள்ள கிருமிகள் உண்டென்று சீட்டில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பதப்படுத்தும்போது சூடேற்றிக் கிருமிகளைக் கொன்ற தயிர் உறையாது. அல்லது பக்கத்துப் பிரியாணிக் கடை நண்பரிடம், பச்சடிக்கு வெங்காயம் போடுமுன், ஒரு கிண்ணத்தை நீட்டுங்கள். சீனி போடாத தயிர்தானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.